தானியேல் வீட்டு ஞாயிற்றுக்கிழமை

தானியேல் இறந்து ஒரு வருஷம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுக்கு மேலே உச்சிக்கு ஏறிய சூரியன் அதற்குப் பிறகு இறங்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் இருக்கும் எபினேசர் தெருவில் மற்ற வீடுகளுக்கெல்லாம் வழக்கம்போலச் சாயங்காலம் ஆனது, பால் வந்தது, கொசு வந்தது, சீரியல் வந்தது. மறுநாள் திங்கட்கிழமையும் பிறந்து, கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. தானியேல் வீட்டில் மட்டும், தகர கேட்டுக்கு உள்ளே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நின்ற இடத்திலேயே நின்றது. அண்டாவில் பிரியாணி ஆறவில்லை. ஷாமியானாவின் நிழல் ஷாமியானாவுக்கு நேர் கீழேயே கிடந்தது. அது ஐப்பசி மாதம், ஊரெல்லாம் அடைமழை, யார் வீட்டிலும் துணி காயவில்லை. ஆகவே தெருப் பெண்கள் அதிகம் யோசிக்காமல் ஆளுக்கொரு வாளி ஈரத்துணியோடு உள்ளே வந்து கொடி கட்டினார்கள். பரீட்சைக்குப் படிக்காத பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமையிலேயே படித்து முடித்துவிட்டுத் திங்கட்கிழமைக்குப் போனார்கள். வேதத்திலேயே ஒருமுறை சூரியன் நடுவானில் நின்றிருக்கிறது என்பதால் பாஸ்டர் சாலமோனும் அலட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு தட்டு பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தானியேல் வீட்டுக்கு இது நடந்ததில் ஒரு நியாயம் இருப்பதாகவே எல்லோரும் நினைத்தார்கள். அவருடைய அப்பா காலம் வரைக்கும் திருப்பாச்சூர் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் அது. கம்பெனிகள் வந்தபோது தானியேல் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, இரும்புக் கம்பி செய்யும் ஒரு கம்பெனியில் ஃபர்னஸ் முன்னால் நிற்கும் வேலைக்குச் சேர்ந்தார். இரும்புக் கட்டைகள் பழுக்கக் காயும் அந்த உலையை நினைத்தபோது அணைக்க முடியாது. அதனால் அதன் வாயருகே எந்நேரமும் ஒருவர் நின்றாக வேண்டும். அடுத்த ஷிப்ட்டுக்கு வருகிறவர், அவரை ரிலீவர் என்பார்கள், வந்து இடது தோளைத் தொட்டு, "நான் நின்னுக்குறேன், நீ கெளம்பு" என்று சொன்னால்தான் நிற்பவர் நகரலாம். அடுத்தவனுக்குப் பதிலாக நிற்கிறவரை, அந்த இடத்துக்கு உரியவனே வந்து அனுப்பிவைப்பதுதான் மரியாதை. இதை எந்தச் சட்டத்திலும் எழுதிவைக்கவில்லை. ஆனால் தோளைத் தொடாமல் வேலையை வாங்கியவனோடும், சொல்லுக்குக் காத்திராமல் நகர்ந்தவனோடும் கேன்டீனில் ஒருத்தரும் சேர்ந்து உட்கார மாட்டார்கள். புயலில் ஊரே மிதந்தபோது தானியேலின் ரிலீவர் வர முடியவில்லை. சூப்பர்வைசர் கெஞ்சிப் பார்த்தார். தானியேல் நகரவில்லை. கடைசியில் அந்த ரிலீவர் மீன்காரர்களின் படகில் வந்து இறங்கி, நனைந்த கையால் தோளைத் தொட்ட பிறகுதான் அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் தன்னுடைய ஞாயிற்றுக்கிழமைகளை ஊருக்கு வாரி வழங்கினார். யார் வீட்டிலாவது நிச்சயதார்த்தமா, மொட்டையா, மாமனாருக்கு உடம்பு சரியில்லையா, தானியேலிடம் போய்த் தலையைச் சொறிந்தால் போதும். "நீ போய்ட்டு வாப்பா, நான் நின்னுக்குறேன்" என்பார். ஒருவன் சும்மா தூங்க வேண்டும் என்று கேட்டான், அவனுக்கும் நின்றார். வாரம் முழுக்கத் தன் வேலை, ஞாயிற்றுக்கிழமை அடுத்தவன் வேலை. அதற்கு நடுவில் கல்யாண வீடுகளில் சாம்பார் வாளி தூக்கினார், வெள்ளத்தில் கேன் தண்ணீர் சுமந்தார், மழைக்கோட்டை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளை அவர் பெரும்பாலும் தூங்கும்போதுதான் பார்த்தார். மகள் ஹெலனையும் மகன் ஜெரால்டையும் தூக்கத்தில் வைத்தே காலுக்கும் தோளுக்கும் சணல் கயிறு பிடித்து அளவெடுப்பார். கிறிஸ்துமஸுக்கு அவர் வாங்கிவரும் துணியும் ஷூவும் ஒருமுறைகூடப் பெரிதாகவோ சின்னதாகவோ இருந்ததில்லை.

இதிலெல்லாம் பெருமைப்பட்டு மனம் நிறைந்து போவதற்கு அவர் மனைவி சாராள் ஒன்றும் தேவதை கிடையாது. மணவாள நகரில் பிறந்து, வாய் பேசத் தெரிந்து வளர்ந்தவள். ஞாயிறு தவறாமல் பழவேற்காட்டு இறாலும் கத்திரிக்காயும் போட்டுக் குழம்பு வைப்பாள். அந்தக் குழம்பின் வாசனைக்குத் தெருநாய்கள்கூட அவள் வீட்டுப் பக்கம் குடிமாறின. தானியேலின் பங்கு தூக்குச்சட்டியில் கம்பெனிக்குப் போய், ஆறி, மறுநாள் புளித்த பிறகுதான் அவர் வயிற்றுக்குள் இறங்கும். வாழ்நாளெல்லாம் உலைக்கு முன்னால் நின்ற ஆள், பெண்டாட்டியின் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை ஒருநாளும் சூடாகச் சாப்பிட்டதில்லை. சாராளுக்கு அது ஆறவே ஆறாத கோபம். "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் ஞாயித்துக்கெழம குடுக்குறியே, எனுக்கு ஒன்னு குடுத்தியா நீ?" என்று அவள் கேட்டால், தானியேல் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே சிரிப்பார். "எல்லாம் சேந்து ஒரே ஞாயித்துக்கெழமையா வரும் பாரு சாரா. அன்னிக்கு நீ போதும் போதும்னு சொல்லுவ."

அப்படிச் சொன்னவர், போன வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெகன் என்கிற பையனுக்காக ஃபர்னஸ் முன்னால் நின்றார். ஜெகன் திருத்தணியில் தன் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தப் போயிருந்தான். ஷிப்ட் முடியும் நேரத்தில் தானியேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கும் சாராள் இறால் குழம்பு வைத்திருந்தாள். அந்தச் சட்டியைப் பல நாள் கழுவாமலே வைத்திருந்தாள்.

இனி அந்த நீண்ட ஞாயிற்றுக்கிழமைக்கு வரலாம். சர்ச் ஆராதனை முடிந்து, வீட்டு வாசலில் நினைவுக் கூட்டம். அண்டாவில் பிரியாணி, அதற்குத் தாளிச்சா. உள் அடுப்பில் சாராள் தனியாகச் சின்னச் சட்டியில் இறால் குழம்பும் வைத்திருந்தாள், யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. பாஸ்டர் ஜெபம் பண்ணிவிட்டு, தானியேலைப் பற்றி யாராவது சாட்சி சொல்லலாம் என்றார். இரண்டு பேர் எழுந்தால் பெரிது என்று நினைத்துத்தான் சொன்னார். முதலில் எழுந்த சின்னதுரை, கூட வேலை பார்த்தவர், "என் கல்யாணத்தன்னிக்கு எனுக்குப் பதிலா நின்னாரு" என்றார். அடுத்தவர் எழுந்தார், அவருடைய அம்மா சாவுக்கு. அடுத்தவர், மகன் பிறந்த அன்றைக்கு. பிறகு வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொருவரும் தான் வாங்கிப்போன ஞாயிற்றுக்கிழமையை விலாவாரியாகச் சொல்லச் சொல்ல, அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டின் மேல் இறங்கிச் சேர்ந்துகொண்டது. சூரியன் நகரவில்லை என்பதை முதலில் கவனித்தது ஹெலன்தான். "யம்மா, மணி ஆறு ஆவுது, வெயிலு மண்டைய பொளக்குது" என்று கைப்பேசியைக் காட்டினாள். சாராள் வெளியே வந்து, கண்ணுக்குமேல் கையை வைத்து மேலே பார்த்தாள். அவர் சொன்ன அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமை இதுதான் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. உடம்பெல்லாம் ஒரு குதூகலம் ஏறியது. ஓடிப்போய்த் தலையை வாரி, பூ வைத்துக்கொண்டு, கூடத்தில் இரண்டு தட்டை எதிரெதிராக வைத்தாள். "உங்க நைனா வருதுடீ," என்றாள்.

செய்தி சிப்காட் முழுக்கப் பரவியது. பகல் ஷிப்ட் முடிந்தவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தார்கள், இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் காலையில் வந்தார்கள். வேறு கம்பெனிக்கு மாறிப்போனவர்கள், ரிட்டயர் ஆகி ஆரம்பாக்கத்தில் கோழி வளர்ப்பவர்கள், ஊரைவிட்டே போனவர்கள் எல்லோரும் வந்தார்கள். மழையில் குடை பிடித்து வந்து, கேட்டைத் தாண்டியதும் குடையை மடக்கி, வெயிலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எத்தனையோ பேர் சாப்பிட்டும் அண்டா குறையவில்லை, ஏனென்றால் அங்கே இன்னும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடியவில்லை. சாராள் ஒவ்வொரு முறை கேட் திறக்கும்போதும் எட்டிப் பார்த்தாள். யார் யாரோ வந்தார்கள். வரவேண்டியவர் வரவில்லை. திங்கள் போய், செவ்வாயும் போனது. தானியேல் ஏன் வரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. சந்தோஷம் மெல்ல மெல்லப் பழைய கோபமாக மாறிக்கொண்டிருந்தது. செத்த பிறகும் இந்த ஆளுக்கு வீட்டுக்கு வர வழி தெரியவில்லையா என்று பிள்ளைகள் காதுபடவே கேட்டாள்.

தெருவில் புதன்கிழமை விடிந்தபோது சாட்சி சொல்ல ஆள் தீர்ந்துபோனது. வரிசை காலியானதும் ஷாமியானாவின் நிழல் கிழக்குப் பக்கம் ஒரு சாண் நகர்ந்தது. மூன்று நாளாக ஞாயிற்றுக்கிழமையை அனுபவித்த கூட்டத்துக்குப் பகீர் என்றது. வேகவேகமாக நினைவுகளைத் துழாவ ஆரம்பித்தார்கள். தன்னுடைய பூனையை முருங்கை மரத்திலிருந்து இறக்கிக் கொடுத்தார் என்றாள் பக்கத்து வீட்டு அருணா. நிழல் நின்றது. பஞ்சரான சைக்கிளைக் கூடவே தள்ளிக்கொண்டு வந்தார் என்றார் வாட்ச்மேன். நிழல் கொஞ்சம் பின்வாங்கியது. விமல் என்பவன் உற்சாகத்தில், தானியேல் தனக்கு ஒரு பைக்கே வாங்கிக் கொடுத்தார் என்று அளந்துவிட, சூரியன் சடக்கென்று ஒரு முழம் இறங்கியது. விமலின் வாயைப் பொத்தி மூலையில் உட்காரவைத்தார்கள்.

சாராள் பரபரப்பை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். சோறு அண்டாவுக்கு வெளியே சிதறியது. அதைப் பார்த்த அருணா பின்னாலிருந்து வந்து அவள் இடது தோளைத் தொட்டு, அந்த ஊரில் பெண்களும் சமையலில் சாதாரணமாகச் சொல்வதைச் சொன்னாள். "நான் நின்னுக்குறேன்க்கா, நீ கெளம்பு."

சாராள் கரண்டியைக் கொடுக்கவில்லை. அந்தச் சொல்லைத் தானும் ஒருமுறை முணுமுணுத்தாள். பிறகு கரண்டியோடு திரும்பி, கம்பெனிக்காரர்களைப் பார்த்துக் கத்தினாள். "யோவ் சின்னதுர! அன்னிக்கு அவுரு உழுந்தப்போ யார்னா தோள தொட்டு ரிலீவ் குடுத்தீங்களாயா?"

சின்னதுரைக்கு முகம் வெளுத்தது. "தூக்கினு ஓடுனோம் தங்கச்சி. உயிரு போவுதுன்னு தூக்கினு ஓடுனோம். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்?" என்றவர், தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இந்த ஒரு வருஷமாக ஃபர்னஸ் முன்னால் யார் நின்றாலும் வேலையே இல்லை. கட்டை சிக்குவதில்லை, கதவு சரியான நேரத்தில் தானே தூக்கிக்கொள்கிறது, நிற்பவன் வெறுமனே வேர்த்துக்கொண்டு நின்றால் போதும். மெயின்டனன்ஸ்காரர்கள் இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று எல்லோரும் அவர்களைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். மெயின்டனன்ஸ்காரர்களும் மறுக்கவில்லை. தானியேல் இடத்தைவிட்டு நகரவே இல்லை என்பது இப்போது கூட்டம் முழுவதற்கும் விளங்கியது.

"நானே போறேன்," என்று சாராள் முந்தானையை இழுத்துச் செருகினாள். ஹெலன் தடுத்தாள். "நீ அங்க நின்னுட்டா நைனா இங்க யார்கூட உக்காந்து சாப்புடும்?" அதுவும் சரியாக இருந்தது. அந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே, புதன்கிழமை மழையில், ஜெகன் நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள். முதல் நாளிலிருந்தே அவன் அங்கேதான் வருவதும் போவதுமாக இருந்தான். உள்ளே வந்து ஒரு வாய் சாப்பிடவும் இல்லை, சாட்சி சொல்லவும் இல்லை. தன்னுடைய ஞாயிற்றுக்கிழமைதான் அவரைக் கொன்றது என்று நம்பிக்கொண்டிருந்தவன். அவன் மகளுக்குக் காது குத்தின இடத்தில் போட்ட கம்மலைப் பார்க்கும்போதெல்லாம் அவன் அழுவதாக அவன் மனைவி நர்மதா தெருவில் சொல்லியிருந்தாள். சாராள் கேட் வரைக்கும் போனாள். அவளுக்கு அவன்மேல் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. ஒரு வருஷம் முழுக்க இருந்தது. ஆனால் அப்போது அதற்கு நேரமில்லை, பின்னால் நிழல் நீண்டுகொண்டிருந்தது.

"அது என் ஷிப்ட்டுக்கா," என்றான் ஜெகன், அவள் கேட்பதற்கு முன்னாலேயே. "நான்தான் சொல்லணும்."

"அப்ப இன்னா மரம் மாதிரி நின்னுகினு இருக்க? ஓடுடா!"

ஜெகன் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு மழைக்குள் பறந்தான். கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடுவில் லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கும் ரோடு. அதுவரைக்கும் சூரியனை யார் பிடித்துவைப்பது? அருணாவிடம் பூனைகள் தீர்ந்துவிட்டன. அப்போது யாரும் எதிர்பார்க்காத விதமாக ஜெரால்ட் எழுந்து நின்றான். அப்பாவைப் பற்றி ஒரு வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவன். சொல்ல ஒன்றுமில்லை என்று மூன்று நாளும் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தவன். "நைனா என் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஒரே ஒரு வாட்டி வந்துச்சு," என்று ஆரம்பித்தான். "டபுள் ஷிப்ட் முடிச்சிட்டு, யூனிஃபாரமோட, கரியோட, கடைசில செவுத்துல சாஞ்சி நின்னுச்சு. நின்னுகினே தூங்கிடுச்சு. கைதட்டுற சத்தம் கேட்டா முழிச்சிக்கும், என்னைத்தான் கூப்புட்டாங்கன்னு நெனச்சு ஜோரா கைதட்டும். திரும்பத் தூங்கும். எல்லாப் பசங்களுக்கும் தட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. என் பேரு வரவேயில்ல, எனுக்குப் பரிசே கெடையாது. அவமானமா இருந்துச்சு. நைனாகூட வூட்டுக்குப் போவல, தனியா நடந்து போனேன்." தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அத்தினி கைதட்டும் எனுக்குத்தான். எனுக்குத்தான் தட்டுச்சு, அத்தினியும்." அவன் அதோடு நிறுத்தவில்லை. சணல் கயிறு காலில் உரசும்போது தனக்கு எப்போதுமே விழிப்பு வந்துவிடும் என்றும், அப்பாவின் கை படவேண்டும் என்பதற்காகத் தூங்குவதுபோல நடித்ததாகவும் சொன்னான். ஹெலன் அவனை அதிசயமாகப் பார்த்தாள், ஏனென்றால் அவளும் அப்படித்தான் நடித்திருக்கிறாள். கூட்டத்தில் அழாத ஆள் இல்லை. இறங்கிக்கொண்டிருந்த சூரியன், ஏணியில் ஏறுவதுபோல, படிப்படியாகத் திரும்ப உச்சிக்குப் போய் நின்றது.

கம்பெனியில் ஜெகன் கார்டைத் தேய்த்து, ஹெல்மெட்டை மாட்டி, ஃபர்னஸ் முன்னால் போனான். அங்கே நின்றுகொண்டிருந்த ஆளை ஒதுங்கச் சொல்லிவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் இடது தோள் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் கையை வைத்தான். கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. ஆனால் தோள் இருந்தது, வேர்வையில் நனைந்து, சட்டைத் தையலோடு. "நான் வந்துட்டேன்ணா," என்றான். "நான் நின்னுக்குறேன். நீ கெளம்புணா." கைக்குக் கீழே அந்தத் தோள் ஒருமுறை இளகி, பிறகு நகர்ந்தது. அந்தக் கணத்திலிருந்து ஃபர்னஸில் கட்டைகள் வழக்கம்போல் சிக்க ஆரம்பித்தன. ஜெகன் சந்தோஷமாக வேலை செய்தான்.

எபினேசர் தெரு முனையில் கம்பெனி பஸ் வந்து நின்றது, அந்த நேரத்தில் வழக்கமாக அங்கே பஸ் கிடையாது. மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு தானியேல் இறங்கினார். புதன்கிழமை மழையில் நனைந்து, தெருவைக் கடந்து, கேட்டைத் திறந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். கூட்டம் ஹோவென்று கத்தி விசிலடித்தது. பாஸ்டர் ஸ்தோத்திரம் சொன்னார். "இன்னாணா, இவ்ளோ லேட்டு?" என்று கேட்டாள் அருணா.

"ரிலீவர் வர்ல," என்றார் தானியேல்.

சாராளுக்கு அவரைத் திட்டுவதற்கென்று ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் நிறைய இருந்தன. "கை கழுவினு வா," என்று மட்டும் சொன்னாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஜன்னலிலும் வாசலிலும் ஊரே தலையை நீட்டிக்கொண்டு பார்த்தது, பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பார்த்தார்கள். தானியேல் சோற்றில் குழம்பை ஊற்றி, பிசைந்து, முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, அவசரமாக வாயைத் திறந்து ஊதினார். "சுடுது சாரா," என்றார். சாராள் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, அதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் அவரோடு சேர்ந்து வேகவேகமாகச் சாப்பிட்டாள். அவர் மூன்றாவது முறை கேட்டபோதும் சட்டியில் குழம்பு இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் ஹெலன் பாயை விரித்தாள், ஜெரால்ட் தலையணை கொண்டுவந்தான். தானியேல் படுத்து, ஃபேனைப் பார்த்தபடி பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குவது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஜெரால்ட் மெதுவாக உட்கார்ந்து, சணல் கயிற்றை எடுத்து, அப்பாவின் பாதத்தை அளந்துகொண்டான்.

கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. இனி யாரும் சாட்சி சொல்லத் தேவையில்லாமலே சூரியன் உச்சியில் நின்றது. ஜெகனை மத்தியானம் சின்னதுரை போய்த் தோளைத் தொட்டு அனுப்பிவைத்தார், அன்று சாயங்காலம் ஜெகன் முதல்முறையாகக் கேட்டைத் தாண்டி வந்து, குடும்பத்தோடு பிரியாணி சாப்பிட்டான். இதெல்லாம் நடந்து ஐப்பசி போய், கார்த்திகை போய், கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டியாகிவிட்டது. ஜெரால்ட் வாங்கிவந்த புது ஷூ பாய்க்குப் பக்கத்தில் பெட்டியோடு இருக்கிறது. சாராள் காலையில் காய் வாங்க வெளியே வருகிறாள், ரேஷனுக்குப் போகிறாள், திரும்ப ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்க் கேட்டைச் சாத்திக்கொள்கிறாள். எழுப்பக் கூடாது என்பது அவள் உத்தரவு. மழை நாட்களில் துணி காயப்போட வருகிற பெண்கள் வாளியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். எபினேசர் தெருவுக்குள் திரும்புகிற லாரிக்காரர்களுக்கும் விஷயம் தெரியும். அந்த வீடு வரும்போது ஹாரன் அடிக்க மாட்டார்கள், உள்ளே தானியேல் தூங்குகிறார்.